பெயரற்ற மாத்திரைகள்: வலி நிவாரணிகளும் ஹார்மோன்களும்

1. கேள்வி

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் கருங்கல்லில் உளி பிடிப்பவர்களுக்குத் தோளும் மணிக்கட்டும் வலிக்கின்றன. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில் வலை இழுப்பவர்களுக்கு இடுப்பு வலி. மறைமலைநகர்த் தொழிற்சாலைகளில் நின்றபடியே ஷிப்ட் முடிப்பவர்களுக்கு முதுகும் காலும். நாற்று நடுகிற பெண்களுக்கு வலிக்காத இடம் என்று ஒன்று இல்லை. இவர்களில் பலரும் வலிக்கு முதலில் போய் நிற்பது தெருமுனை மெடிக்கலில்தான். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்யவும் முடியாது. மாத்திரை அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இந்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ஊரறிந்த செய்தி. அண்மை ஆண்டுகளில் இன்னொரு அச்சமும் சேர்ந்திருக்கிறது: இவை ஹார்மோன்களைக் குலைக்கின்றன என்பது. ஐபுப்ரோஃபென் ஆண்மையைக் குறைக்கும் என்றும், கர்ப்பிணி பாராசிட்டமால் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்றும் வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுகின்றன. இவற்றில் எவ்வளவு உண்மை? எந்த மருந்துக்கு எவ்வளவு வலுவான சான்று இருக்கிறது? இந்தக் கட்டுரை ஆராய்வது இதைத்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்று வலுவாக உள்ள இடத்தில் நம்மிடம் அச்சம் இல்லை. அச்சம் பெருத்திருக்கும் இடத்தில் சான்று மெலிந்திருக்கிறது.

2. திருக்கழுக்குன்றம் கற்றுத்தருவது

வலி நிவாரணியின் பக்கவிளைவு குறித்த உலகப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்தைத் தொட்டுச் செல்கிறது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கும் திருக்கழுக்குன்றத்தில், வேதகிரீஸ்வரர் மலைக்கு நண்பகலில் வந்து பிரசாதம் உண்டு போகும் இரண்டு பறவைகளால் ஊருக்குப் பட்சிதீர்த்தம் என்றே பெயர் உண்டு. அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990-களின் இறுதியில் அவை வருவது நின்றுபோனது.

அதே பத்தாண்டில்தான் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது இந்தியா முழுவதும் பரவியது. ஊசி போட்ட மாடு இறந்தபின் அதைத் தின்ற பாறுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு காரணத்தை நிறுவியது. பாகிஸ்தானில் இறந்து கிடந்த பாறுகளின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபெனாக் எச்சம் இருந்தது. மருந்து கலந்த இறைச்சியை உண்ணக் கொடுத்த பாறுகளும் அதே வகையில், உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து இறந்தன. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது.

அப்படியானால் திருக்கழுக்குன்றத்துப் பறவைகளையும் டைக்ளோஃபெனாக்தான் கொன்றதா? அப்படி எழுதுவோர் உண்டு. நான் அப்படி எழுதத் தயங்குகிறேன். அவ்விரண்டும் பொங்கல் உண்டவை. மற்ற நேரங்களில் எதை உண்டன என்பதற்குப் பதிவில்லை. ‘வரவில்லை’ என்பது மட்டுமே நம் கையில் உள்ள செய்தி. காலம் பொருந்துகிறது, மருந்தின் நச்சுத்தன்மை உறுதி, ஆனால் இந்த இரண்டு பறவைகளின் மரணத்துக்கு அது காரணம் என்பது ஊகம். பாகிஸ்தான் ஆய்வில் மூன்று கண்ணிகள் இருந்தன: இறந்த உடல், உடலில் மருந்து, மருந்தைக் கொடுத்தால் அதே விளைவு. இந்த மூன்றையும் மனிதருக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மேலே போகலாம். பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தவை, ஹார்மோன் கோளாறால் அல்ல என்பதையும் இங்கேயே குறித்துவிட வேண்டும்.

3. மாத்திரை தொடும் இடம்

ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பது அது விற்பனைக்கு வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின்தான் தெரிந்தது. 1971-இல் இலண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

புரோஸ்டாகிளாண்டின்கள் தைராய்டு, இன்சுலின் போல ஒரு சுரப்பியில் சுரந்து இரத்தத்தில் தொலைதூரம் போவதில்லை. தேவைப்படும் திசுவிலேயே உருவாகி, அங்கேயே வேலையை முடித்து, சில நிமிடங்களில் சிதைந்துவிடும். மருத்துவ நூல்கள் இவற்றை உள்ளூர் ஹார்மோன்கள் என்று வகைப்படுத்துவது இதனால்தான். அடிபட்ட மூட்டில் இவை வலியையும் வீக்கத்தையும் கூட்டுகின்றன. இரைப்பையில் சுவரைக் காக்கின்றன. சிறுநீரகத்தில் இரத்த ஓட்டத்தைத் தாங்குகின்றன. சினைப்பையில் முட்டை வெளியேற வழிசெய்கின்றன. கருப்பையில் மாதவிடாயின்போது தசையை இறுக்குகின்றன. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் எதுவும் ‘முழங்காலுக்கு மட்டும்’ போய்ச் சேர்வதில்லை. ஆகவே வலி நிவாரணி ஹார்மோனைத் தொடுமா என்ற கேள்விக்கு ஒரு மட்டத்தில் விடை எளிது: தொடுவதுதான் அதன் வேலை. எந்த இடத்தில், எத்தனை நாளில், யாருக்கு அது கேடாகிறது என்பதுதான் ஆராய வேண்டியது.

4. சினைப்பை: வலுவான சான்று, பேசப்படாத விளைவு

மாதச் சுழற்சியின் நடுவில் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ஒரேயடியாக வெளிவிடுகிறது. அதன் தூண்டுதலில் சினைப்பையில் புரோஸ்டாகிளாண்டின் பெருகி, முட்டையைச் சுமக்கும் நுண்பை உடைந்து முட்டை வெளியே வருகிறது. இந்த நேரத்தில் புரோஸ்டாகிளாண்டின் தடைபட்டால் பை உடையாமல் போகலாம். முட்டை உள்ளேயே தங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, வெளியில் எதுவும் தெரியாது என்பது. உடையாத பையும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். மாதவிடாய் உரிய நாளில் வரும். இரத்தப் பரிசோதனையில் முட்டை வெளியேறியது போலவே காட்டும். தொடர்ச்சியாக ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் பை உடையவில்லை என்று புரியும்.

2015-இல் ஐரோப்பிய வாதநோய் மாநாட்டில் பாக்தாத் ஆய்வாளர்கள் ஒரு சிறு ஆய்வை முன்வைத்தார்கள். முதுகுவலி உள்ள, குழந்தைபெறும் வயதிலுள்ள 39 பெண்களுக்குச் சுழற்சியின் 10-ஆம் நாள் தொடங்கிப் பத்து நாள் மாத்திரை தரப்பட்டது. மருந்தில்லா மாத்திரை பெற்ற பெண்கள் அனைவருக்கும் முட்டை வெளியேறியது. டைக்ளோஃபெனாக் பெற்றவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கும், நாப்ரோக்ஸன் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினருக்கும், எட்டோரிகாக்சிப் பெற்றவர்களில் 27.3 விழுக்காட்டினருக்கும் மட்டுமே வெளியேறியது. 39 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இந்த விழுக்காடுகளை அப்படியே உலகத்துக்கெல்லாம் பொருத்தக் கூடாது. ஆனாலும் இங்கே கண்ணிகள் கூடிவருகின்றன. இயங்குமுறை தெரிந்தது, மருந்தைக் கொடுத்தால் விளைவு வருகிறது, மருந்தின் பெயரும் அளவும் தெரியும். அமெரிக்காவில் இவ்வகை மருந்துகளுடன் தரப்படும் விவரக் குறிப்பிலேயே, இவை முட்டைப்பை உடைவதைத் தாமதப்படுத்தலாம் அல்லது தடுக்கலாம், சில பெண்களுக்கு மீளக்கூடிய மலட்டுத்தன்மையோடு இதற்குத் தொடர்பு உண்டு என்ற எச்சரிக்கை இருக்கிறது.

‘மீளக்கூடிய’ என்ற சொல் முக்கியமானது. மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் ஒன்று இது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரும் நெடுஞ்சாலையோரம் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரங்கள் நிறைந்திருக்கின்றன. பிள்ளையில்லை என்று அங்கே பணம் கட்டும் ஒரு பெண்ணிடம், இடுப்பு வலிக்கு நாள்தோறும் மாத்திரை போடுகிறாயா என்று முதல் நாளிலேயே கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்குச் செலவு ஒன்றுமில்லை.

மாதவிடாய் வலிக்கு முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் மாத்திரை போடுபவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. முட்டை வெளியேறுவது அதற்குப் பல நாள் கழித்து. அதற்குள் மருந்து உடலைவிட்டு நீங்கியிருக்கும்.

5. விந்தகம்: நடுத்தரச் சான்று

2018 ஜனவரியில் கோபன்ஹேகன், ரென் நகர ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வுதான் ‘ஆண்மைக் குறைவு’ செய்திகளுக்கு ஊற்று. 18 முதல் 35 வயதுள்ள 31 ஆரோக்கியமான ஆண்கள் பங்கேற்றார்கள். 14 பேர் நாளுக்கு இருமுறை 600 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனை ஆறு வாரம் உட்கொண்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவு விழவில்லை. ஆனால் அதே அளவைத் தக்கவைக்கப் பிட்யூட்டரி கூடுதலாக எல்.எச். சுரக்க வேண்டியிருந்தது, 14 நாளில் 23 விழுக்காடும், 44 நாளில் 33 விழுக்காடும் கூடியது. அதாவது விந்தகம் சுணங்கியது. மூளை அதை விரட்டி வேலை வாங்கியது. முதிய ஆண்களிடம் காணும் இந்நிலை இளைஞர்களிடம் தெரிந்ததுதான் செய்தி.

இதிலிருந்து ஆண்மை போய்விடும் என்று முடிவு கட்டுவது தவறு. நாளுக்கு 1200 மில்லிகிராம், ஆறு வாரம், 14 பேர், மலட்டுத்தன்மை அளக்கப்படவில்லை. அதே சமயம் ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதும் தவறு. காய்ச்சலுக்கு இரண்டு நாள் போடுபவருக்கு இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் போட்டுக்கொண்டு உளி பிடிப்பவருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லவில்லை. நமக்கு வேண்டிய விடை இரண்டாமவரைப் பற்றியது. அவர் எந்த ஆய்விலும் இல்லை.

அபின்வழி மருந்துகளான மார்ஃபின், டிரமடால் போன்றவை மூளையின் கட்டளையையே அடக்கி, டெஸ்டோஸ்டிரோனையும் மாதச் சுழற்சியையும் குறைப்பவை என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை. டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அது தனிக் கட்டுரைக்குரியது.

6. கருவுற்ற காலம்: பெரும் அச்சம், மெல்லிய சான்று

பாராசிட்டமால் குறித்து 2015-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு நுட்பமானது. மனிதக் கருவின் விந்தகத் திசுவை எலிகளில் பொருத்தி மருந்து கொடுத்தார்கள். ஏழு நாள் கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் 45 விழுக்காடு குறைந்தது. ஒரே நாள் கொடுத்தபோது மாற்றமில்லை. 2021-இல் பல நாட்டு அறிவியலாளர்கள் சேர்ந்து, கர்ப்பிணிகள் தேவைக்கு மட்டும், குறைந்த அளவில், குறைந்த நாள் பயன்படுத்த வேண்டும் என்று முன்னெச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார்கள். நிறுத்தச் சொல்லவில்லை.

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் பாராசிட்டமாலையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசியதும் இந்த எச்சரிக்கை பீதியாகிவிட்டது. ஓராண்டுக்கு முன்பே, 2024-இல், ஸ்வீடனில் ஏறத்தாழ 25 இலட்சம் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு வெளியாகியிருந்தது. ஒரே தாயின் பிள்ளைகளில் மருந்து பட்டவரையும் படாதவரையும் ஒப்பிட்டபோது ஆட்டிசத்துக்கோ கவனக்குறைவுக் கோளாறுக்கோ தொடர்பு காணவில்லை. காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதே கருவுக்கு ஆபத்து. பாராசிட்டமாலுக்கு அஞ்சி ஒரு கர்ப்பிணி டைக்ளோஃபெனாக்குக்கு மாறினால் அது பெரிய தீங்கு; 20 வாரத்துக்குப் பின் இவ்வகை மருந்துகள் கருவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் எச்சரித்திருக்கிறது.

7. 2019: சொல்லப்படாத பெயர்

இனி நம் மாநிலத்தின் வழக்கு. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலைசெய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி ஒரு புலனாய்வை வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் மேற்பார்வையாளர் ஒரு மாத்திரை தருவார். அட்டையில் பெயர் இருக்காது. காலாவதி நாளும் இருக்காது. பக்கவிளைவு பற்றி யாரும் சொன்னதில்லை. பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். ஒழுங்கற்ற மாதவிடாய், கருப்பைக் கட்டி, கருச்சிதைவு, மனச்சோர்வு ஆகியவை அவர்கள் சொன்ன கேடுகளில் சில. மாத்திரைகளைப் பார்த்த மருத்துவர்கள், அவை ஐபுப்ரோஃபெனை ஒத்த வலி நிவாரணிகள் என்றார்கள்.

இந்தக் கேடுகளுக்கு மாத்திரைதான் காரணமா? 4-ஆம் பகுதியில் பார்த்தபடி, மாதவிடாயின் முதல் நாள்களில் போடும் ஐபுப்ரோஃபென் சுழற்சியைக் குலைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரவு ஷிப்ட், அரைவயிற்றுச் சாப்பாடு, கழிப்பறைக்குப் போகத் தடை, ஓயாத உற்பத்தி நெருக்கடி ஆகியவையும் மாதவிடாயைக் குலைக்கும். அதனால் ‘மாத்திரைதான் காரணம்’ என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ‘மாத்திரைக்குத் தொடர்பில்லை’ என்றும் சொல்ல முடியாது. எல்லா நாளும் எல்லாருக்கும் தந்தது ஒரே மருந்துதானா? எத்தனை மில்லிகிராம்? மாதத்தில் எத்தனை நாள்? அட்டையில் பெயர் இல்லாததால் இந்தக் கேள்விகளுக்கு விடையே இல்லாமல் போனது. திருக்கழுக்குன்றத்தில் பறவையின் உடல் இல்லை. இங்கே பெண்களின் உடல் இருக்கிறது, மருந்தின் பெயர் இல்லை. 500 பேருக்கு மேல் வேலைசெய்யும் ஆலையில் மருத்துவரும் செவிலியரும் பொறுப்பேற்கும் சிகிச்சை அறை வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. பெயரற்ற மாத்திரையை மேற்பார்வையாளர் நீட்டுவது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. நோயாளி பின்னாளில் கேள்வி கேட்கும் உரிமையை அது முன்கூட்டியே பறித்துவிடுகிறது.

8. ‘செட்டு’க்குள் இருக்கும் ஹார்மோன்

பெயரற்ற மாத்திரை ஆலைக்குள் மட்டும் இல்லை. “உடம்பெல்லாம் வலிண்ணே, ரெண்டு செட்டு குடுங்க” என்று கேட்டால், அட்டையிலிருந்து பிரித்த நாலைந்து மாத்திரைகள் சிறு காகிதக் கவரில் வரும். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பழகிய காட்சி இது. ஒன்று பாராசிட்டமால், ஒன்று டைக்ளோஃபெனாக், ஒன்று வயிற்றுப் புண்ணுக்கு. கூடவே மிகச் சிறிய மாத்திரை ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் ஸ்டீராய்டு: பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் அல்லது ப்ரெட்னிசோலோன்.

இந்தச் சின்ன மாத்திரை ஹார்மோனைப் ‘பாதிக்கும்’ மருந்து என்று சொல்வது போதாது. அதுவே ஹார்மோன், அட்ரீனல் சுரப்பியின் கார்டிசாலைப் போலச் செய்யப்பட்டது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாயிருந்த பெண்ணுக்கு கார்டிசோன் கொடுத்தார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தொடர்ந்து கொடுத்தபோது வந்த கேடுகளும் மிக விரைவில் தெரிந்தன. ‘அந்தக் கடை மாத்திரை கேக்குது’ என்று ஊரில் சொல்வதற்குப் பின்னால் பல வேளைகளில் இருப்பது இந்த வலிமைதான்.

கணக்கைப் பாருங்கள். 0.5 மில்லிகிராம் பீட்டாமெத்தசோன் மாத்திரை ஒன்று, உடல் ஒரு நாள் முழுதும் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறத்தாழ ஈடு. நாளுக்கு இரண்டு போட்டால் உடலின் தேவையைப் போல இரு மடங்கு. சில வாரம் இப்படிப் போனால் பிட்யூட்டரி அட்ரீனலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். அட்ரீனல் சுருங்கத் தொடங்கும். முகம் உப்பும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், பெண்களுக்கு மாதவிடாய் தவறும். நீரிழிவு இவ்வளவு பரவிய மாநிலத்தில் இது சிறு விஷயமில்லை.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும்போது வருவது இன்னும் கொடியது. களைப்பு, வாந்தி, தலைசுற்றல், கூடவே மூட்டிலும் தசையிலும் வலி. உழைக்கிற மனிதர் அதைப் பழைய வலி திரும்பியதாக எண்ணி மறுபடி கடைக்குப் போவார். மருந்தின் குறைவால் வந்த வலிக்கு அதே மருந்து. அவர் அந்த வட்டத்திலிருந்து வெளியே வரத் தேவையான ஒரே செய்தி, மாத்திரையின் பெயர். சுரந்து பழக்கமற்றுப்போன அட்ரீனலோடு ஒருவர் விபத்திலோ கடுங்காய்ச்சலிலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவருக்குப் பெயர் தெரிந்தால் ஓர் ஊசியில் காப்பாற்றலாம்.

இதே மாவட்டத்தில், செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் 1955-லிருந்து இயங்குகிறது. தொழுநோயின் எதிர்வினையில் நரம்பு வீங்கி வலிக்கும்போது கொடுக்கும் முதன்மை மருந்து ப்ரெட்னிசோலோன்தான். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முறை, நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கிப் பன்னிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பது. பெயர், அளவு, நாள், குறைக்கும் படி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அந்த மருந்து பலரின் கையையும் காலையும் முடமாகாமல் காத்திருக்கிறது. எழுதிக் கொடுத்தால் மருந்தாகவும், எழுதாமல் கொடுத்தால் நோயாகவும் ஆகும் பொருள் இது.

9. எங்கே அஞ்ச வேண்டும்

சான்றின் வலுவைக் கொண்டு வரிசைப்படுத்தினால், பெயர் தெரியாத ஸ்டீராய்டு முதலிடத்தில் வரும்; அதோடு அபின்வழி மருந்துகள். அடுத்தது, பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண் நடுச்சுழற்சியில் நாள்தோறும் போடும் டைக்ளோஃபெனாக் போன்றவை. மாதக்கணக்கில் முழு அளவு ஐபுப்ரோஃபென் போடும் ஆண் அதற்கடுத்து. மருத்துவர் சொற்படி சில நாள் போடும் பாராசிட்டமால் கடைசியில். நம் ஊடகங்களின் வரிசை இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது.

டைக்ளோஃபெனாக்கும் ஸ்டீராய்டுகளும் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத எச் அட்டவணை மருந்துகள். சட்டம் இருக்கிறது. கவரின் மேல் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதியே தர வேண்டும் என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டிப்பாகச் செயல்படுத்தட்டும். 1965-லிருந்து இயங்கும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, ‘செட்டு’ மாத்திரையால் ஸ்டீராய்டு கேடு வந்து சேரும் நோயாளிகளைத் தனியாகப் பதிவுசெய்து ஆண்டுதோறும் வெளியிடட்டும். எந்த ஆய்விலும் இல்லாத அந்தக் கல்தச்சரும் நாற்று நடும் பெண்ணும் அப்போதுதான் ஆய்வுக்குள் வருவார்கள்.

கடையில் கவர் வாங்கும் வாசகரே, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், “இதுல ஸ்டீராய்டு இருக்கா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாதக்கணக்கில் செட்டு மாத்திரை போட்டுவருபவர் இதைப் படித்துவிட்டுப் பயத்தில் நாளையே நிறுத்திவிட வேண்டாம். மீதமிருக்கும் மாத்திரைகளைக் கவரோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய், எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.